தண்ணீர் வழிந்த பக்கம்

போன வாரக் கதையில் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு மாடிக்குப் போன ரசமட்டம், மறுநாள் காலையில் இறங்கி வந்தபோது அந்தக் கோபத்தையாவது மேலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். விடவில்லை. அதே உர்ரென்ற முகம். அதே "எனக்கு எதுவும் வேண்டாம்."

அவரை அந்தப் பெயரில் கூப்பிடாதவர்கள் தெருவில் யாரும் இல்லை. டைல்ஸ் போடுகிற வேலை. மற்றவர்கள் பேனா வைக்கிற சட்டைப் பையில் அவர் மட்டம் பார்க்கிற ஒரு குட்டி ரசமட்டம் வைத்திருப்பார். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் அதை எடுத்து மேஜை மேல் வைத்து, உள்ளே இருக்கிற குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பார். நிற்கவில்லை என்றால் அந்த வீட்டுக் காபி அவருக்கு இறங்காது.

மனைவிக்குச் சோபாக்கா என்று பெயர். கீழ்த்தளம் முழுக்க அவளுடைய பட்டறைதான். கிழிந்த சோபா, அமுங்கிப்போன நாற்காலி, எது வந்தாலும் உரித்து, புது ஸ்பாஞ்ச் வைத்து, துணி தைத்து மணப்பெண் மாதிரி அனுப்பி வைப்பாள். தையல் மிஷினையும் வெட்டுகிற மேஜையையும் தவிர அங்கே இருப்பது எல்லாம் ஊரார் பொருள். பக்கத்துத் தெருவில் போன மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை. ஸ்பாஞ்ச் ஒரு தடவை சாக்கடைத் தண்ணீரைக் குடித்துவிட்டால் அப்புறம் அது சோபா இல்லை, குப்பை.

சண்டை அதில்தான் ஆரம்பித்தது. வெள்ளத்துக்கென்று தனியாக இன்சூரன்ஸ் எடுக்கணும் என்றாள் அவள். "என் வீட்டுக்கா?" என்றார் அவர். அந்த 'என்' அவளைச் சுட்டுவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இன்சூரன்ஸ் விற்பது ரசமட்டத்தின் சொந்தத் தங்கை. ஊரில் பாதிப் பேருக்கு அவள் பெயரே பாலிசி. கணவன் வீட்டில், "சோபா அமுங்கிப்போச்சு, அண்ணிகிட்ட ரிப்பேருக்குக் கொண்டு போறேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு பெட்டியையும் சிவப்புச் சோபாவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு இங்கே வந்தவள் அப்படியே தங்கிவிட்டாள். மாடியில் சின்ன ரூம் அவளுக்கு. சோபா பட்டறை மூலையில் பெட்ஷீட் போர்த்திக்கொண்டு கிடக்கிறது. "பிரிச்சுப் பாக்கட்டுமா?" என்று சோபாக்கா கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்: "அப்புறம் பாத்துக்கலாம் அண்ணி."

அவள் கணவன் மட்டும் வாரா வாரம் தவறாமல் போன் பண்ணுவான். "சோபா ரெடியாச்சா?"

அதை அப்புறம் பார்ப்போம். இன்றைய கதைக்கு வருவோம்.

பாலிசி காலையிலேயே ஒரு வாடிக்கையாளரைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டரில் திரும்பினாள். கேட்டை ரோட்டுப் பக்கமாக இழுத்தாள். கர்ர்ர் என்று தரையில் உரசிக்கொண்டு பாதி திறந்து நின்றுவிட்டது. இரண்டு கையாலும் பிடித்து ஓர் இழு இழுத்தாள். இன்னும் கொஞ்சம் திறந்தது.

"அண்ணா! இந்தக் கேட்டு என்னிக்காவது என் உயிரை வாங்கப்போகுது."

"கீல் தொய்ஞ்சு போச்சு. ஞாயித்துக்கிழமை அடியில கொஞ்சம் அறுத்து விடறேன்."

"போன வருஷமும் இதையேதான் சொன்னே. அறுக்கவும் செஞ்சே."

"திரும்பவும் தொய்ஞ்சிருக்கும். இரும்புன்னா சும்மாவா? கனம்."

பட்டறையில் சோபாக்கா ஒரு நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஆணியும் டப்பாவில் விழுகிற சத்தத்திலேயே அவள் மனசு தெரிந்தது. நாத்தனாரைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"பாலிசி எடுக்க இன்னிக்குத்தானே கடைசி நாள்னு சொன்னே?"

"கடைசி நாள்னு யாரும் வைக்கலை அண்ணி. ஆனா பாலிசி எடுத்தாலும் ஒரு மாசம் கழிச்சுத்தான் அதுக்கு உயிர் வரும். அடுத்த மாசம் மழை. நாளைக்கு நாளைக்குன்னு தள்ளினா, தண்ணி முதல்ல வரும், பாலிசி அப்புறம் வரும்."

"கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள் சோபாக்கா, கணவர் இருந்த பக்கம் திரும்பாமலே.

ரசமட்டம் வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். காதில் போட்டுக்கொள்ளாத மாதிரி நின்றார். ஆனால் அவருக்கு வாய் சும்மா இருக்குமா?

"வீட்டுக்குத்தான் ஏற்கெனவே இன்சூரன்ஸ் இருக்கே. வருஷா வருஷம் கட்டிட்டுத்தானே இருக்கேன்?"

"அது தீக்கு, திருட்டுக்கு. கீழேருந்து ஏறி வர்ற தண்ணி அதுல சேராதுண்ணா. நான்தானே போட்டுக் கொடுத்தேன், எனக்குத் தெரியாதா?"

"பேங்குல வெள்ள இன்சூரன்ஸ் கட்டாயமில்லைன்னு சொல்லிட்டான். வீட்டுக்குக் கடன் கொடுத்தவனுக்கே பயமில்லை. உனக்கென்ன?"

"கட்டாயமில்லைன்னுதான் சொன்னான். தேவையில்லைன்னு சொன்னானா? அவன்கிட்ட ஒரு வெள்ள மேப் இருக்கு. அதுல பக்கத்துத் தெரு சிவப்பு, நம்ம தெரு மஞ்சள். நடுவுல ஒரு கோடு. கோட்டைத் தாண்டக் கூடாதுன்னு தண்ணிகிட்ட யாரு போய்ச் சொல்றது?"

உள்ளே சோபாக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"உனக்குக் கமிஷன். அதான் இவ்வளவு கரிசனம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. பாலிசி ஹெல்மெட்டைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள். கொஞ்சம் பலமாகவே வைத்தாள்.

"ஆமாண்ணா. கமிஷன் வரும். அதுலதான் சாப்பிடறேன். இப்ப விஷயத்துக்கு வா. உன் வீடு மேடுன்னு எப்படிச் சொல்றே?"

"எப்படியா? நான் அளந்து வாங்கின வீடு இது! வாங்கறப்போ வாசல்லேருந்து ரோட்டுக்கு இறங்கப் படி இருந்துச்சு. முழங்கால் உயரம். இந்த வரிசையிலயே நம்ம வீடுதான் மேடு."

"இப்ப அளந்தியா?"

"வீடு என்ன வளருமா, தேயுமா? ஒரு தடவை அளந்தா அளந்ததுதான்."

"அப்ப அளந்துடுங்களேன்" என்றாள் சோபாக்கா உள்ளேயிருந்து. "ஊர்ல எல்லார் வீட்டையும் அளக்கறீங்க."

தொழிலில் கை வைத்தால் ரசமட்டத்துக்குத் தாங்காது. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு தன் வேலைச் சாமான்கள் இருந்த சாக்கு மூட்டையைப் பிரித்தார். உள்ளேயிருந்து ஒரு நீள டியூபை உருவினார். கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற டியூப். அதில் தண்ணீர் நிரப்பித்தான் கட்டட வேலைக்காரர்கள் மட்டம் பார்ப்பார்கள். எவ்வளவு நீளமாக இழுத்தாலும், எத்தனை மூலை திரும்பினாலும், உள்ளே இருக்கிற தண்ணீர் பொய் சொல்லாது.

"இங்க பாருங்க ரெண்டு பேரும். ஒரு முனையை உன் பட்டறைத் தரையில வை. இன்னொரு முனையை நான் நடுரோட்டுல வைக்கிறேன். நான் சொன்னதும் ரெண்டு பேரும் முனையை அடைச்சிருக்கிற கட்டை விரலை எடுக்கணும். எந்தப் பக்கம் பள்ளமோ அந்தப் பக்கம் தண்ணி வழியும். ரோட்டுல வழிஞ்சா, பாலிசிங்கற வார்த்தையே இனி இந்த வீட்டுல கூடாது."

"உள்ள வழிஞ்சா?" என்றாள் தங்கை.

"வழியாது."

"வழிஞ்சா, அண்ணா?"

"வழிஞ்சா நீ எங்க காட்டறியோ அங்க கையெழுத்துப் போடறேன். போதுமா?"

டியூபில் தண்ணீர் நிரப்பினார். குமிழி எதுவும் தங்கிவிடக் கூடாது என்று தட்டித் தட்டி வெளியேற்றினார். இரண்டு முனையிலும் விரல் வைத்து அடைத்துக்கொண்டார்கள். சோபாக்கா தன் முனையைப் பிடித்தபடி பட்டறையின் நடுவில் குந்தி உட்கார்ந்தாள். சுற்றிலும் சோபாக்கள். பாலிசி கேட்டில் நின்றாள், உள்ளே நடப்பதை வெளியே சொல்லவும் வெளியே நடப்பதை உள்ளே சொல்லவும்.

ரசமட்டம் டியூபை இழுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போனார்.

எதிர்வீட்டு பஸ் டிரைவருக்கு அன்று லீவு. பனியனோடு வாசலில் நின்று கொண்டிருந்தார்.

"என்ன ரசமட்டம், ரோட்டுக்கும் டைல்ஸ் போடப் போறியா? எனக்குச் சொல்லு, வழுக்காத டைல்ஸாப் பாத்துப் போடு. நான் வண்டி ஓட்டணும்."

"கொஞ்சம் சும்மா இருங்க. வண்டி வந்தா நிறுத்துங்க."

டிரைவர் சந்தோஷமாக நடுத்தெருவுக்கு வந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். சம்பளமில்லாத வேலை என்றால் அவருக்கு அவ்வளவு உற்சாகம்.

ரசமட்டம் நடுரோட்டில் மண்டியிட்டு முனையைத் தாரில் வைத்தார்.

"ரெடியா?"

"ரெடியான்னு கேக்கறாரு, அண்ணி!"

"ரெடின்னு சொல்லு."

"விரலை எடு!"

எடுத்தார்கள்.

ரசமட்டம் குனிந்து பார்த்தார். தன் பக்கத்து முனையில் தண்ணீர் பொங்கி வழியும், கைவிரலை நனைக்கும் என்று காத்திருந்தார். வழியவில்லை. டியூபில் தண்ணீர் பின்னால் போயிற்று. அவர் கண்ணெதிரிலேயே, மெதுவாக, கேட்டை நோக்கிப் போயிற்று.

உள்ளேயிருந்து சோபாக்காவின் குரல் கேட்டது. ஜெயித்தவள் குரல் மாதிரி இல்லை.

"என்னங்க... இங்க வழியுதுங்க."

அவர் நம்பவில்லை. குமிழி தங்கியிருக்கும் என்றார். திரும்ப நிரப்பினார். டியூப் எங்கேயோ மடங்கியிருக்கும் என்றார். நீவி விட்டார். மறுபடி வைத்தார். மறுபடியும் தண்ணீர் ரோட்டைவிட்டு வீட்டுக்குள்ளேயே போனது. பட்டறைத் தரையில் ஓடி, ஒரு நாற்காலியின் காலைச் சுற்றிக்கொண்டு நின்றது. சோபாக்கா கையில் கிடைத்த துணியைப் போட்டு அவசரமாகத் துடைத்தாள். ஒரு டியூபில் இருந்த தண்ணீர்தான் அது. அதற்கே அவள் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

"ரோடு எப்படிய்யா மேல போச்சு?" என்றார் ரசமட்டம், யாரைக் கேட்கிறோம் என்று தெரியாமலே.

"நல்லாக் கேட்டே போ" என்றார் டிரைவர். "பழசைத் தோண்டாம அது மேலயேதானே புது ரோடு போடறான்? ஒவ்வொரு தடவையும் ஒரு அடுக்கு. நான் தினம் ஓட்டறவன், எனக்குத் தெரியும். உன் படிக்கட்டு எங்க போச்சுன்னு நினைச்சே? யாரும் தூக்கிட்டுப் போகலை. உள்ளதான் இருக்கு, தாருக்கு அடியில."

ரசமட்டம் கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தக் குட்டி ரசமட்டத்தை எடுத்தார். கேட்டின் குறுக்குக் கம்பி மேல் வைத்தார்.

குமிழி அசையாமல் நடுவில் நின்றது.

கேட்டு தொய்யவே இல்லை. ஒரு நாளும் தொய்ந்ததில்லை. ரோடு ஏறி வந்து கேட்டில் இடித்திருக்கிறது. ஒவ்வொரு தடவை இடித்தபோதும் கீலைத் திட்டிவிட்டு, அடியில் ஒரு துண்டு அறுத்து, ரோட்டுக்கு வழி விட்டிருக்கிறார். ஊரார் வீட்டு மேஜைக்கெல்லாம் வைத்துப் பார்த்தவர் சொந்த வீட்டுக் கேட்டுக்கு ஒரு தடவை வைத்துப் பார்க்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது அவரை. தங்கை முகத்தைப் பார்க்கவும் கூசியது.

பாலிசிக்கு அது புரிந்தது. "உள்ள வா அண்ணா, வெயில்" என்று மட்டும் சொன்னாள்.

வெட்டுகிற மேஜையில் இருந்த துணிகளை ஒதுக்கிவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். பாலிசி போனில் ஒவ்வொரு கேள்வியாகப் படித்தாள். வீடு எந்த வருஷம் கட்டியது, சுவர் என்ன, தரை ரோட்டை விட மேடா, பள்ளமா. "பள்ளம்னு போடு" என்றார் அவர். அதைச் சொல்லப் பல்லைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது.

சோபாக்கா குறுக்கே கேட்டாள். "இந்தச் சோபா எல்லாம் அதுல எங்க வருது?"

பாலிசியின் விரல் நின்றது. சொல்லாமல் அடுத்த கேள்விக்குப் போயிருக்கலாம். அண்ணன் கையெழுத்துப் போடத் தயார், அண்ணி எப்போதோ தயார். ஆனால் அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"வராது அண்ணி."

"என்னது?"

"இது வீட்டுக்கு. தரை, சுவர், வயரிங். உங்க மிஷினையும் மேஜையையும் தனியாச் சேத்து எழுதிக்கலாம். ஆனா இந்தச் சோபா எல்லாம் உங்க பொருள் இல்லையே. மத்தவங்க பொருளுக்கு இதுல சல்லிக்காசு வராது. அதுக்கு வேற மாதிரி எடுக்கணும். எங்க கம்பெனியில அது இல்லை."

சோபாக்கா சுற்றிலும் பார்த்தாள். இத்தனை நாள் தூக்கத்தைக் கெடுத்தவை எல்லாம் அங்கேயே நின்றன. எதற்காக இவ்வளவு சண்டை போட்டாளோ அது இதில் இல்லவே இல்லை.

"அப்ப இது எதுக்கு எனக்கு?"

"வீட்டுக்கு வேணும் அண்ணி. வீடு நனைஞ்சா கடன் நனையாது. தரை பேந்தாலும் மாசா மாசம் கட்டித்தான் ஆகணும். கமிஷனுக்காகச் சொல்லலை." கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ரசமட்டம் தலை குனிந்தார். "காலையில நான் பேசினது தப்பும்மா."

"சரி விடு."

சோபாக்கா எழுந்தாள். "வீட்டுக்கு எடுத்துடலாம். போடுங்க கையெழுத்து. இதையெல்லாம் நான் திருப்பிக் கொடுத்துடறேன். மழை முடியற வரைக்கும் வேலை எடுக்கலைன்னு சொல்லிடறேன். போறவங்க திரும்ப வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்."

திரும்ப வரமாட்டார்கள் என்று மூன்று பேருக்கும் தெரியும். சோபா இல்லாமல் யாராவது மழைக்காலம் முடிகிற வரை தரையில் உட்கார்ந்து காத்திருப்பார்களா?

ரசமட்டம் கையெழுத்துப் போட்டார். பேசாமல் மாடிக்குப் போய்விட்டார். சோபாக்காவுக்கு ஆத்திரமாக வந்தது. இவருக்கு ஒரு வார்த்தை கூட வராதா?

மாடி ஹாலை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். போகிற வீடுகளில் எல்லாம் மிஞ்சுகிற டைல்ஸ் துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்து, நிறத்துக்கு நிறம் சேர்த்து, அறுத்து, உரசி, அவர் போட்ட தரை அது. அதில் செருப்புக் கால் படக் கூடாது. நாற்காலியை இழுக்கக் கூடாது. பட்டறையை அங்கே மாற்றிக்கொள்ளட்டுமா என்று சோபாக்கா முன்பு ஒரு தடவை கேட்டதற்கு அவர் ஒரு வாரம் பேசவில்லை.

மேலே தடதடவென்று சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். பக்கத்தில் இருந்த சோபாவின் ஒரு முனையைப் பிடித்தார்.

"அந்தப் பக்கம் பிடி."

"எங்க?"

"மேல. பழைய பாயெல்லாம் விரிச்சுட்டேன்."

சோபாக்கா அசையவில்லை. "உங்க தரைங்க. கீறல் விழும்."

"விழட்டும்."

"அப்புறம் சொல்லிக் காட்டுவீங்க."

"காட்டுவேன். ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவேன். இப்பப் பிடி."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுமுனையைப் பிடித்தாள். மாடிப்படி திருப்பத்தில் இருவரும் சேர்ந்து சுவரில் ஒரு நல்ல கீறல் போட்டார்கள். அது யார் தப்பு என்று படியிலேயே நின்று கொஞ்சம் சண்டையும் போட்டார்கள். டிரைவர் கூப்பிடாமலே வந்தார். "இருக்கிற சீட்டுக்கெல்லாம் ஆள் ஏத்தறதுதான் என் வேலை, இங்க சீட்டையே ஏத்தறேன்" என்று மூச்சு வாங்கச் சிரித்தார்.

சாயங்காலத்துக்குள் பட்டறை காலியாகி, பேசினால் எதிரொலித்தது. மூலையில் ஒன்றே ஒன்று மிச்சம்.

ரசமட்டம் பெட்ஷீட்டை உருவினார். சிவப்புச் சோபா. நடுவில் மட்டும் குழி விழுந்திருந்தது. குனிந்து கை வைத்தார்.

"அது வேண்டாம்ணா" என்றாள் பாலிசி.

"ஏன்? மேல இடம் இருக்கு."

"அது இங்கயே இருக்கட்டும்."

"தண்ணி வந்தா?"

"வரட்டும்."

வராதுன்னு நினைக்காதீங்க, வந்தா என்ன பண்ணுவீங்க என்று ஊரில் எத்தனையோ வீட்டு வாசலில் நின்று சொன்ன வாய் அது. ரசமட்டம் நிமிர்ந்தார். சோபாக்கா அவர் கையைத் தொட்டு, வேண்டாம் என்பது போல் தலையசைத்தாள்.

அப்போதுதான் பாலிசியின் போன் அடித்தது. திரையைப் பார்த்தாள். வாரா வாரம் வருகிற அதே போன். எப்போதும் வெளியே போய்த்தான் பேசுவாள். இன்று அங்கேயே நின்று எடுத்தாள்.

"ம். சொல்லுங்க."

அந்தப் பக்கம் என்ன கேட்டிருப்பான் என்று மூவருக்கும் தெரியும். ரெடி ஆகலைன்னு சொல்லு என்று சோபாக்கா வாயை மட்டும் அசைத்துச் சொல்லிக்கொடுத்தாள்.

"ரெடி ஆகலைங்க" என்றாள் பாலிசி. சிவப்புச் சோபாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பிரிக்கவே இல்லை. இனிமேலும் ரெடி ஆகாது. நானும் வரலை."

அவன் ஏதோ சொன்னான். சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும், போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். பிறகு அவனே வைத்துவிட்டான் போலிருக்கிறது.

"என்னம்மா?" என்றாள் சோபாக்கா.

"நாளைக்குக் காலையில வர்றாராம் அண்ணி. நேர்ல. சோபாவோட என்னையும் கூட்டிட்டுத்தான் போவாராம்."

சோபாக்கா நாத்தனாரின் தோளைப் பிடித்து அந்தச் சிவப்புச் சோபாவிலேயே உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். குழியில் இருவரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொள்ள வேண்டியதாயிற்று.

ரசமட்டம் வாசலுக்குப் போனார். கேட்டை மூடினார். கர்ர்ர் என்று உரசிக்கொண்டு வந்து பாதியில் நின்றது. காலை ஊன்றி ஓர் இழு இழுத்து, தரையோடு இறுக்கிவிட்டுத் திரும்பினார்.

"இதை இந்த வருஷம் அறுக்காம விட்டது நல்லதாப் போச்சு" என்றார். "அவ்வளவு சீக்கிரத்துல திறக்காது."